குளக்கட்டும் காப்புறுதியும்

பொதுப்பணத்தை எதற்குச் செலவிடலாம், எதற்குச் செலவிடலாகாது என்னும் வினா இன்று நேற்று எழுந்ததன்று. அரசு என ஒன்று தோன்றிய நாள்தொட்டே அவ்வினாவும் உடன்தோன்றி வந்திருக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அது ஒரு புதிய வடிவத்தை எடுத்தது. பெண்களின் மார்பகத்தினுள் மருத்துவர் வைத்த சிலிக்கோன் பை பழுதுபட்டால், அதனை மீண்டும் வெளியே எடுக்கும் செலவை ஏற்க வேண்டியவர் யார்? அதனை விரும்பி வைத்துக்கொண்ட பெண்ணா? விற்று இலாபம் பெற்ற கம்பனியா? அல்லது நாட்டு மக்கள் அனைவரும் சிறுகச் சிறுகச் சேர்த்த பொதுக் காப்புறுதி நிதியா? பிரான்சிலும் இங்கிலாந்திலும் ஜேர்மனியிலும் அரசாங்கங்களும் நீதிமன்றங்களும் இவ்வினாவுக்கு வெவ்வேறு விடைகளைக் கூறியிருக்கின்றன. அந்நாடுகளில் இன்று ஈழத்துத் தமிழ்க் குடும்பங்கள் பல்லாயிரம் வாழ்கின்றன. ஆதலின் அவ்விடைகள் தமிழ் மக்களுக்கு அந்நியமானவை அல்ல.

அவற்றை எடைபோடுவதற்கு ஒரு துலாக்கோல் வேண்டும். அதனைத் தேடித் தொலைதூரம் செல்ல வேண்டியதில்லை. மன்னார்ப் பெருநிலப் பகுதியில், முருங்கனுக்கு அண்மையிலே பரந்து கிடக்கும் கட்டுக்கரைக் குளமும், அதனை அடுத்த கரையோரத்தின் வரலாறுமே அதனைத் தருகின்றன.

கட்டுக்கரைக் குளம் மிகப் பழையது. 5ஆம் நூற்றாண்டில் அநுராதபுரத்திலிருந்து ஆட்சி புரிந்த தாதுசேன மன்னன் காலத்தது என்று மரபு கூறும். ஆங்கிலேயர் இதன் பரப்பைக் கண்டு வியந்து, இராட்சதக் குளம் என்னும் பொருள்பட இதற்குப் பெயரிட்டனர். அருவி ஆற்றின் குறுக்கே அமைந்த தேக்கம் அணையிலிருந்து வாய்க்கால் வழியாக வந்து சேரும் நீரே இதற்கு உயிர். பல நூற்றாண்டுகள் தூர்ந்து கிடந்த இக்குளம், 19ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் அரசாங்கத்தாரால் திருத்தப்பட்டு, மீண்டும் வயல்களுக்கு நீர் வழங்கத் தொடங்கியது.

குளத்தைக் காப்பது கரை. அக்கரையைக் காப்பவர் அதன் நீரை உண்ணும் மக்கள். மாரி காலத்தில் குளக்கட்டிலே ஓரிடம் உடையத் தொடங்கினால், அவ்விடத்தில் மாட்டை ஏற்றியவன் யார், மண்ணை வெட்டியவன் யார் என்னும் விசாரணை முதலில் நடைபெறுவதில்லை. முதலில் மண்வெட்டி வரும்; விசாரணை பின்னரே வரும். வட்டவிதானையார் அழைத்தால், தத்தம் வயலின் அளவுக்கேற்ப ஒவ்வொருவரும் வேலையிற் பங்குகொள்வது பழைய வழக்கமாகும். 1832ஆம் ஆண்டில் இராசகாரிய முறை ஒழிக்கப்பட்டது. மக்களைக் கட்டாய ஊழியத்திலிருந்து விடுவித்த அச்சீர்திருத்தம் நன்மையானதே. எனினும், அதனோடு குளங்களைப் பேணிய கூட்டுழைப்பும் தளர்ந்தது; கட்டுகள் சிதைந்தன. இதனை உணர்ந்த தேசாதிபதி சேர் ஹென்றி வார்ட், 1856ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் மூலம், கமக்காரர் தம்முள் கூடிப் பண்டைய நீர்ப்பாசன வழக்கங்களை மீண்டும் நடைமுறைப்படுத்த வழிசெய்தார்.

பொதுக் காப்புறுதி என்பது இக்குளக்கட்டு முறையின் இன்னொரு வடிவமே. எவருக்கு எப்போது நோய் வரும் என்பதை எவரும் அறியார். அதனால் எல்லாரும் தத்தம் வருவாய்க்கேற்பச் சேர்க்கின்றனர். இடர் வந்தவர் எடுத்துக்கொள்கின்றார். 1883ஆம் ஆண்டில் பிஸ்மார்க்கின் ஆட்சியில் ஜேர்மனி தொழிலாளருக்கு நோய்க் காப்புறுதியைச் சட்டமாக்கியபோதும், 1948ஆம் ஆண்டு ஜூலை மாதம் 5ஆம் தேதி பிரித்தானியா தன் தேசிய சுகாதார சேவையைத் தொடங்கியபோதும், அவற்றின் அடியில் நின்ற கருத்து இதுவேயாம்.

மன்னார்க் கரை கற்பித்த இரண்டாவது பாடம் துயரமானது. 19ஆம் நூற்றாண்டில் காப்பித் தோட்டங்களில் வேலை செய்வதற்காகத் தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளர், தோணிகளில் மன்னார்க் கரையில் இறங்கி, அங்கிருந்து காட்டுவழியே மாத்தளை நோக்கி நடந்தனர். அவ்வடக்குப் பாதையில் நீரின்றியும் உணவின்றியும் வாந்திபேதியாலும் மாண்டவர் பலர். கரையோர மக்களுக்கும் அந்நோய் பரவியது. வழியிலே தங்குமடங்களையும் மருத்துவ உதவியையும் அமைக்க வேண்டிய நிலை அரசாங்கத்துக்கு ஏற்பட்டது. அப்பொழுதுதான் செலவைப் பற்றிய வினா கூர்மை பெற்றது. தொழிலாளி தன் விருப்பத்தின் பேரில் வந்தவன். அவன் நோய்க்கு யார் பொறுப்பு என்று தோட்டத் துரைமாருட் பலர் வாதிட்டனர். ஆனால் அவனது உழைப்பினால் செல்வம் பெற்றவர் அவர்களே அல்லவா? 1872ஆம் ஆண்டில் நிறைவேறிய தொழிலாளர் மருத்துவத் தேவைச் சட்டம், தோட்டங்களிலிருந்து வரி அறவிட்டு மருத்துவ வசதி அளிக்கும் நெறியைத் தொடக்கி வைத்தது. அச்சட்டம் குறையுடையதாகவே இருந்தது. பின்னர்ப் பலமுறை திருத்தப்பட்டது. எனினும், ஊதியம் பெற்றவன் செலவிலும் பங்கேற்க வேண்டும் என்ற நியாயம் அதனால் இலங்கையில் வேரூன்றியது.

மூன்றாவது பாடம் 20ஆம் நூற்றாண்டினது. 1934ஆம் ஆண்டின் இறுதியில் தொடங்கிய மலேரியாக் கொள்ளைநோய் சில திங்களில் ஏறத்தாழ 80,000 உயிர்களைப் பறித்தது. வன்னியும் மன்னாரும் அந்நோயை ஆண்டுதோறும் அறிந்த பிரதேசங்கள். ஆனால் அவ்வாண்டு, நாட்டின் தென்மேற்கில் மக்கள் செறிந்து வாழ்ந்த ஊர்களையே அது பெரிதும் தாக்கியது. 1931ஆம் ஆண்டிலேயே வயது வந்தோர் அனைவருக்கும் வாக்குரிமை கிடைத்திருந்தமையால், நோயுற்ற ஏழையின் குரல் அரசாங்க சபையில் ஒலித்தது. கிராமங்கள் தோறும் மருந்தகங்களும் வைத்தியசாலைகளும் பெருகின. 1951ஆம் ஆண்டில் அரசாங்க வைத்தியசாலைகளில் கட்டணம் நீக்கப்பட்டது. 1971ஆம் ஆண்டில் வெளிநோயாளரிடம் 25 சதம் வாங்கும் முறை வந்தபோதும், அது 1977ஆம் ஆண்டோடு மறைந்தது. 2016ஆம் ஆண்டில் இலங்கை மலேரியா அற்ற நாடென உலக சுகாதார நிறுவனம் சான்று வழங்கியது. வைத்தியசாலை வாசலில் பணத்தைக் கேளாத நாடே அச்சான்றைப் பெற்றது என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

இவ்வாறு மூன்று நெறிகள் கிடைக்கின்றன. இடரைப் பகிர்வோர் செலவையும் பகிர்வர் என்பது ஒன்று. இலாபம் பெற்றவர் பொறுப்பும் ஏற்பர் என்பது மற்றொன்று. நோயுற்றவரின் தேவையே முதல் வினா என்பது மூன்றாவது. சிலிக்கோன் பை பற்றிய வழக்கை இம்மூன்று நெறிகளும் கொண்டு ஆராயலாம். அதற்கு முன், அப்பை உடலினுள் என்ன ஆகின்றது என்பதை அறிதல் வேண்டும்.

இதற்கும் மன்னார்க் கடலே எளிய உவமை தருகின்றது. 1902ஆம் ஆண்டில் ஹேர்ட்மன் என்ற பிரித்தானிய விலங்கியலறிஞர், அரசாங்கத்தின் வேண்டுகோளின்படி மன்னார்க் குடாவின் முத்துச் சிப்பிப் படுகைகளை ஆராய வந்தார். சிப்பியின் தசைக்குள் நுழைந்த நுண்ணிய ஒட்டுண்ணிப் புழுவே முத்தின் கருவாகின்றது என்பது அவர் கொண்ட முடிவு. கரு எதுவாயினும், சிப்பி அதனைச் சுற்றி அடுக்கடுக்காகப் பூச்சிட்டு மூடிவிடுகின்றது. மனித உடலும் தனக்குள் வைக்கப்பட்ட வேற்றுப் பொருளைச் சும்மா விடுவதில்லை. அதனை வெளியே தள்ள இயலாதபோது, நார்த்திசுவாலான ஓர் உறையை அதனைச் சுற்றி அமைத்து வேறுபடுத்தி வைக்கின்றது. சிப்பிக்கு அது முத்தாக முடிகின்றது. பெண்ணின் உடலிலோ அவ்வுறை சிலருக்கு மெல்லியதாக நின்று தீங்கு செய்யாதிருக்கும். வேறு சிலருக்குத் தடித்துச் சுருங்கி, பையை இறுக்கி, நோவையும் உருவக் கேட்டையும் உண்டாக்கும். பையின் மேலுறை காலப்போக்கில் தேய்ந்து கிழிவதும் உண்டு. கிழிந்தமை வெளிக்குத் தெரியாமலே உள்ளிருக்கும் களி கசிந்திருப்பதும் உண்டு. அதனைக் கண்டறியக் காந்தப் படப்பிடிப்புப் போன்ற நுண்கருவிகள் தேவைப்படுகின்றன. வாழ்நாள் முழுவதும் நிலைக்கும் பொருளன்று இப்பை என்பது மருத்துவ உலகம் இன்று ஒப்புக்கொண்ட உண்மை.

சிலிக்கோன் களி நிரப்பிய பையை முதன்முதலாகப் பெண்ணொருத்தியின் மார்பகத்தினுள் வைத்தவர்கள், அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரத்துச் சத்திரசிகிச்சை நிபுணர்களான குரோனின், ஜெரோ என்னும் இருவராவர். அது நிகழ்ந்தது 1962ஆம் ஆண்டில். இத்தகைய கருவிகளை விற்பனைக்கு முன் அரசாங்கம் சோதிக்க வேண்டும் என்ற சட்டம் அமெரிக்காவில் 1976ஆம் ஆண்டிலேதான் வந்தது. பதினான்கு ஆண்டுகள் பொருள் முந்திச் சென்றது. சட்டம் பின்னே நடந்தது. புற்றுநோயால் மார்பகத்தை இழந்தவர்களும், தோற்றத்தைத் திருத்த விரும்பியவர்களும் ஒரே பொருளையே பெற்றனர். உடலுக்குள் சென்றபின் அப்பொருள் காரணத்தைக் கேட்டுப் பழுதாவதில்லை. இருவருக்கும் ஒரே வகையாகவே பழுதாகின்றது.

1992ஆம் ஆண்டில் அமெரிக்க அரசாங்கம், போதிய சான்று இல்லை என்று கூறி, களிப் பைகளின் பாவனையைப் பெரிதும் மட்டுப்படுத்தியது. வழக்குகள் மலைபோற் குவிந்தன. பெரும் உற்பத்தியாளரான டவ் கோர்னிங் கம்பனி 1995ஆம் ஆண்டில் முறிவுப் பாதுகாப்பைக் கோரி நீதிமன்றம் சென்றது. 1999ஆம் ஆண்டில் வெளிவந்த மருத்துவக் கழகத்தின் பெரிய ஆய்வு, பைகள் உடல் முழுவதையும் தாக்கும் நோய்களை உண்டாக்கின என்பதற்குச் சான்று இல்லை என்றது. ஆயினும், பை வைத்த இடத்திலேயே ஏற்படும் கிழிவு, இறுக்கம், மீண்டும் மீண்டும் செய்ய நேரும் சத்திரசிகிச்சை ஆகியன மிகுதி என்றும் அது கூறியது. பயமுறுத்தியவர்களும் பயமில்லை என்றவர்களும் ஒருங்கே கருதிப் பார்க்க வேண்டிய முடிவு அது. 1998ஆம் ஆண்டில் அந்நாடு இயற்றிய ஒரு சட்டம், மார்பக நீக்கத்துக்குப் பணம் வழங்கும் காப்புறுதித் திட்டங்கள், மார்பகத்தை மீளமைக்கவும் அதனால் வரும் சிக்கல்களைத் தீர்க்கவும் பணம் வழங்கியே ஆக வேண்டும் என்று விதித்தது. புற்றுநோயாளருக்கு அது பெரும் ஆறுதல். மற்றவர்களைப் பற்றி அச்சட்டம் ஒன்றும் கூறவில்லை.

அந்த மற்றவர்களின் வினா ஐரோப்பாவில் வெடித்தது. பிரான்சின் தெற்கே, தூலோன் நகருக்கு அண்மையில், ஜான் குளோட் மாஸ் என்பவர் 1991ஆம் ஆண்டில் நிறுவிய பொலி இம்பிளாண்ட் புரொத்தேஸ் என்ற கம்பனி, மருத்துவத்துக்கென ஒப்புதல் பெற்ற களிக்குப் பதிலாக, மலிவான கைத்தொழிற் சிலிக்கோனைப் பைகளில் நிரப்பி உலகெங்கும் விற்றது. சோதகர் வரும் நாளில் ஒன்றும், மற்ற நாளில் வேறொன்றுமாக நிகழ்ந்தது. அப்பைகள் அளவுக்கு மீறிக் கிழிவதை மருத்துவர்கள் கண்டபின், 2010ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் பிரெஞ்சு அதிகாரிகள் அவற்றின் விற்பனையைத் தடைசெய்தனர். அதற்குள் பிரான்சில் ஏறத்தாழ 30,000 பெண்களும், பிரித்தானியாவில் 40,000க்கு மேற்பட்ட பெண்களும் அவற்றைத் தாங்கியிருந்தனர். 2013ஆம் ஆண்டு டிசம்பரில் மார்செய் நீதிமன்றம் மாஸுக்கு நான்கு ஆண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. ஆனால் குற்றவாளிக்குத் தண்டனை கிடைப்பதால் பெண்ணின் உடலிலுள்ள பை வெளியே வந்துவிடுவதில்லை.

பிரெஞ்சு அரசாங்கம் 2011ஆம் ஆண்டு டிசம்பர் 23ஆம் தேதி தன் முடிவை அறிவித்தது. அவசரமில்லை; எனினும் முன்னெச்சரிக்கையாக அப்பைகளை அகற்றிக்கொள்ளலாம்; அகற்றும் செலவு எதற்காக வைத்த பையாயினும் பொதுக் காப்புறுதியைச் சாரும் என்றது. புதிய பையை வைக்கும் செலவோ, நோயின் பொருட்டு மார்பகத்தை மீளமைத்தவர்களுக்கு மட்டுமே என்றது. காப்புறுதி நிதியம் தன் பங்கிற்குக் கம்பனியின் மோசடியைக் குறித்து நீதி கோரி முறையிட்டது. முதலில் மண்வெட்டி, பின்னர் விசாரணை என்னும் குளக்கட்டு நெறி இங்கே நடைமுறையில் நின்றது எனலாம்.

இங்கிலாந்தின் நிலை சற்றுச் சிக்கலானது. அங்கே இப்பைகளில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கே தேசிய சுகாதார சேவையால் வைக்கப்பட்டது. ஏனையவை தனியார் மருத்துவ நிலையங்களிற் பணம் கொடுத்து வைக்கப்பட்டவை. 2012ஆம் ஆண்டு ஜனவரியில் அரசாங்கம் கூறியது இது: தான் வைத்த பையைத் தானே எடுக்கும், மாற்றியும் கொடுக்கும், தனியார் வைத்ததைத் தனியாரே எடுக்கட்டும், அவர்கள் மறுத்தாலோ, நிலையமே மூடப்பட்டிருந்தாலோ, அரச சேவை எடுத்துவிடும், ஆனால் வேறு பை வைக்காது. சில தனியார் நிலையங்கள் கைவிரித்தன. வேல்ஸ் அரசாங்கமோ, எடுத்த இடத்தை வெறுமையாக விடுவது மருத்துவமுறைப்படி முழுமையான சிகிச்சையாகாது என்று கருதி, மாற்றுப் பையையும் வழங்க முன்வந்தது. ஆற்றின் இருகரையைப் போல அடுத்தடுத்திருந்த இரு நாடுகளில் ஒரே துன்பத்துக்கு இரு நீதிகள் வழங்கின. அதே ஆண்டு ஜூன் மாதம் வெளியான கியோ அறிக்கை, அப்பைகள் மற்றவற்றை விட ஏறத்தாழ இருமடங்கு கிழியக்கூடியன எனினும், நீண்டகால நச்சுத் தீங்குக்குச் சான்றில்லை என்று தெளிவுபடுத்தியது.

மூன்றாவது விடை ஜேர்மனியினது, அதுவே கடுமையானது. பொதுக் காப்புறுதியின் தாயகமான அந்நாட்டின் சட்டம், மருத்துவக் காரணமின்றி அழகுக்காகச் செய்த சத்திரசிகிச்சை, பச்சை குத்துதல், உடலைத் துளைத்து அணி பூணுதல் ஆகியவற்றால் நோய் வருமாயின், நோயாளியும் அச்செலவில் ஒரு பங்கை ஏற்க வேண்டும் என்று கூறுகின்றது. 2012ஆம் ஆண்டில் அப்பைகளை அகற்றுமாறு ஜேர்மன் அதிகாரிகளே அறிவுரை கூறியபோதும், இவ்விதி மாறவில்லை. 2019ஆம் ஆண்டில் அந்நாட்டின் கூட்டாட்சிச் சமூக நீதிமன்றம், இவ்விதி அரசியலமைப்புக்கு ஏற்றதே என்று தீர்ப்பளித்தது. தானே தேடிக்கொண்ட இடருக்குப் பிறர் முழுச் செலவும் ஏற்க வேண்டியதில்லை என்பது அதன் வாதம்.

இவ்வாதத்தில் உண்மை இல்லாமலில்லை. பொதுநிதி அடியற்ற கேணியன்று. 2022ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியின்போது இலங்கை வைத்தியசாலைகளில் மருந்தும் சத்திரசிகிச்சைப் பொருள்களும் தட்டுப்பட்டன. அவசரமற்ற சத்திரசிகிச்சைகள் பிற்போடப்பட்டன. அத்தகைய நாளில் ஒருவரின் தோற்றத்துக்காகப் பொதுப்பணத்தைச் செலவிடுதல் முறையா என்று கேட்பவரை இரக்கமற்றவர் என்று ஒதுக்கிவிட முடியாது. ஆனால் ஜேர்மன் விதி அளக்க முயல்வது நோயின் அளவையன்று, நோயாளியின் நோக்கத்தை. நோக்கத்தை அளக்கும் கோல் எந்த வைத்தியசாலையிலும் இல்லை. தமிழர் வீடுகளிற் குழந்தைக்குக் காது குத்துகின்றனர். அக்காது புண்பட்டுச் சீழ் பிடித்தால், அணிக்காகக் குத்தியது தானே என்று எந்த வைத்தியரும் கைவிடுவதில்லை. மது அருந்தியவரின் ஈரலுக்கும், புகை பிடித்தவரின் நுரையீரலுக்கும் சிகிச்சை உண்டு. பெண்ணொருத்தி தன் உடலைப் பற்றிக் கொண்ட ஆசையை மட்டும் தனியே எடுத்து விலை பேசுவது, நீதியைவிட நாணத்தையே தண்டனையாக்குவதாகும். அத்தகைய நாணத்தாற் பெண்கள் வைத்தியரிடம் செல்லத் தாமதிப்பர். தாமதம் நோயை வளர்க்கும். வளர்ந்த நோய் பொதுநிதிக்கே கூடுதற் செலவாகும்.

தாமதத்தின் கேட்டை 2019ஆம் ஆண்டு நிகழ்ச்சி காட்டிற்று. மேற்பரப்புச் சொரசொரப்பான சில பைகளைச் சுற்றியுள்ள உறையில், நிணநீர்த் தொகுதியைச் சார்ந்த அரிய புற்றுநோய் ஒன்று தோன்றுவதை மருத்துவர்கள் கண்டறிந்திருந்தனர். அவ்வாண்டு ஏப்ரலில் பிரான்சு அத்தகைய பைகளைத் தடைசெய்தது. ஜூலையில் அமெரிக்க அதிகாரிகளின் வேண்டுகோளின் பேரில் அல்லர்கன் கம்பனி தன் பைகளை உலகெங்குமிருந்து மீளப் பெற்றது. நோய்க்குறி இல்லாதவர்கள் பையை அகற்ற வேண்டியதில்லை. வீக்கமோ நோவோ கண்டால் உடனே வைத்தியரை நாட வேண்டும் என்பதே அவர்கள் கூறிய அறிவுரை. காலத்தோடு கண்டு, பையையும் உறையையும் முழுதாக அகற்றினால், அந்நோய் பெரும்பாலும் குணமாகும். இங்கே அகற்றுதலே சிகிச்சை. அதற்குப் பணம் கேட்டுத் தடுப்பது சிகிச்சையைத் தடுப்பதாகும்.

பாக்கு நீரிணையின் அக்கரையில் வினாவே தலைகீழாக எழுந்தது. 2018ஆம் ஆண்டு பெப்ரவரியில், சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில், மார்பக உருவத்தைத் திருத்தும் சத்திரசிகிச்சையை ஏழைப் பெண்களுக்கு இலவசமாக அளிக்கும் திட்டத்தைத் தமிழ்நாடு அரசாங்கம் தொடங்கியது. செல்வருக்குக் கிடைக்கும் அழகுச் சிகிச்சை ஏழைக்கு ஏன் கிடைக்கலாகாது என்பது அமைச்சர் விஜயபாஸ்கர் எடுத்துரைத்த வாதம். உயிர்காக்கும் சிகிச்சைக்கே பணம் போதாத நாட்டில் இது தகுமா என்று மறுத்துரைத்தவரும் உளர். எப்படியாயினும், பொதுப்பணத்தில் பையை வைக்கும் அரசு, அதனைப் பின்னாளில் எடுக்கும் பொறுப்பையும் அன்றே ஏற்றுக்கொண்டதாகும். வைக்கும் நாளிலேயே எடுக்கும் நாளுக்கும் கணக்கிட வேண்டும்.

இலங்கையில் பெண்களுக்கு மிகுதியாக வரும் புற்றுநோய் மார்பகப் புற்றுநோயே. 1958ஆம் ஆண்டில் உருவான மகரகம புற்றுநோய் வைத்தியசாலைக்கு மன்னாரிலிருந்து செல்வது நெடும் பயணம். 2011ஆம் ஆண்டில் தேவேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை நடந்து பொதுமக்கள் திரட்டிய நிதியால் தெல்லிப்பழையிற் புற்றுநோய்ச் சிகிச்சைக் கட்டிடம் எழுந்தபின், வடபுலத்து நோயாளருக்கு அத்துன்பம் ஓரளவு குறைந்தது. 1996ஆம் ஆண்டு முதல் நடைபெறும் சுகநலப் பெண்கள் கிளினிக்குகளில், 35 வயதுப் பெண்கள் மார்பகப் பரிசோதனையை இலவசமாகப் பெறலாம். இவ்விடங்களில் கட்டிலருகே பணப்பட்டியல் வருவதில்லை. நோய் எப்படி வந்தது என்பது சிகிச்சைக்காகக் கேட்கப்படுமேயன்றி, விலைக்காகக் கேட்கப்படுவதில்லை. இந்த மரபு இலங்கைக்குப் பெருமை தருவது.

இவ்வரலாறுகளை ஒன்றுசேர்த்து நோக்கினால், நீதியான ஒரு வழி புலப்படுகின்றது. அகற்றுதலும் புதிதாக வைத்தலும் வேறு வேறு செயல்கள். கிழிந்த பையை, இறுகிய உறையை, நோய் கண்ட திசுவை அகற்றுவது நோய்நீக்கம். அது எவருக்காயினும் பொதுக் காப்புறுதியின் கடமை. மீண்டும் பை வைப்பது, நோயால் மார்பகத்தை இழந்தவருக்கு மீளமைப்பாகும்; அதுவும் பொதுநிதிக்கு உரியதே. ஏனையோருக்கு அது விருப்பம். அதற்கு அவரவர் பணம் செலவிடுவதில் அநீதி இல்லை. பழுதான பொருளை விற்றவரிடமும், வைத்துப் பணம் பெற்றவரிடமும், செலவைப் பொதுநிதி பின்னர் அறவிடல் வேண்டும். காப்பித் தோட்டத் துரைமாருக்கு 1872ஆம் ஆண்டில் கூறப்பட்ட நியாயம், கம்பனிகளுக்கும் கூறத்தக்கதே.

ஆனால் விற்றவரைப் பிடிக்க வேண்டுமாயின், எவர் உடலில் எந்தப் பை இருக்கிறது என்பதற்கு ஏடு வேண்டும். பிரித்தானியாவில் 1993ஆம் ஆண்டு தொடங்கிய அத்தகைய பதிவேடு 2006ஆம் ஆண்டில் மூடப்பட்டது. நான்கு ஆண்டுகளின் பின் பிரெஞ்சுப் பைகளின் மோசடி வெளிப்பட்டபோது, எத்தனை பெண்கள், எவ்வூரார் என்பதைச் சரியாகக் கூற எவராலும் இயலவில்லை. 2016ஆம் ஆண்டிலே மீண்டும் ஒரு பதிவேட்டைத் திறந்தனர். இலங்கையில் மருத்துவக் கருவிகளை ஒழுங்குபடுத்தும் சட்டம் 1980ஆம் ஆண்டிலே வந்தது; 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் அதற்கென ஓர் அதிகாரசபையை நிறுவியது. கருவியின் இறக்குமதியைக் காப்பதோடு, அது சென்றடைந்த உடலையும் கணக்கில் வைத்திருப்பதே முழுக்காவல். பை வைத்துக்கொண்ட பெண் தன் கையிலும் அதன் பெயரும் இலக்கமும் எழுதிய அட்டையைப் பேணி வைப்பது நன்று. பல ஆண்டுகளின் பின் வேறு நாட்டில், வேறு வைத்தியரின் முன் நிற்கும்போது அதுவே அவளுக்காகச் சான்று கூறும்.

கட்டுக்கரைக் குளத்தின் நீரைக் குடித்த வயல்கள் அனைத்தும் ஒரே தரத்தன அல்ல. சில மேட்டு நிலம், சில பள்ளம்; சிலர் கவனமுள்ள கமக்காரர், சிலர் அசட்டையானவர். கரை அவர்களுட் பேதம் பாராது நீரைத் தாங்கி நிற்கின்றது. அசட்டையானவனைக் கண்டிக்க ஊர்க்கூட்டம் உண்டு. அதற்காக எவரும் கரையை உடைய விடுவதில்லை. மக்கள் சேர்த்த காப்புறுதிப் பணத்தைக் காவல் செய்வோர் கொள்ள வேண்டிய நெறியும் அதுவேயாகும்.